மூச்சை அடக்கச் சொன்னவள்

ஆஸ்பத்திரி லேபில் அவளுக்குக் 'குமிழி அக்கா' என்று பெயர். வீட்டில் 'வீட்டு டாக்டர்'. இரண்டும் அவளே உழைத்துச் சம்பாதித்த பெயர்கள். யாராவது அப்படிக் கூப்பிட்டால் "சும்மா இருங்கப்பா" என்பாள், ஆனால் உள்ளூர ஒரு சந்தோஷம் இருக்கும். அந்த வீட்டின் மூத்த மருமகள் என்பதால் நாம் அவளைப் பெரியவள் என்றே வைத்துக்கொள்வோம். இங்கே சொல்லப் போவது அவள் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்கிற சங்கதி இல்லை.

அவள் வேலை பார்க்கிற அறை அவசர சிகிச்சைப் பிரிவை ஒட்டி இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மேஜைமேல் மைக்ரோவேவ் அடுப்பு அளவுக்கு ஒரு மெஷின். நாடி பிடித்துப் பார்க்கிற இடத்தில் ஊசி குத்தி எடுத்த ரத்தம், சிரிஞ்சோடு ஐஸில் படுத்துக்கொண்டு அவளிடம் வரும். அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி, முதல் சொட்டைப் பஞ்சில் விட்டுவிட்டு, மெஷினில் செருகினால் இரண்டு நிமிஷத்தில் ஒரு துண்டுக் காகிதம் வெளியே வரும். ரத்தத்தில் அமிலம் எவ்வளவு, கரியமில வாயு எவ்வளவு, காரம் எவ்வளவு என்று அதில் இருக்கும். சிரிஞ்சுக்குள் கடுகளவு காற்றுக் குமிழி தங்கியிருந்தாலும் எண் பொய் சொல்லிவிடும். அதனால் குமிழியோடு வந்த சிரிஞ்சை அவள் வாங்கவே மாட்டாள். யார் கெஞ்சினாலும் சரி, பெரிய டாக்டரே வந்து முறைத்தாலும் சரி, "திரும்ப எடுத்துட்டு வாங்க சார்" என்று கதவைச் சாத்துவாள். இருபத்தொரு வருஷமாக இப்படித்தான்.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவள்தான் பாடம் நடத்துவாள். நன்றாகவே நடத்துவாள், அதையும் சொல்லிவிட வேண்டும். "இந்த உடம்பு இருக்கே, படு கறார். ரத்தத்தோட பி.எச். எண்ணை ஏழு புள்ளி மூணு அஞ்சுக்குக் கீழே இறங்க விடாது, ஏழு புள்ளி நாலு அஞ்சுக்கு மேலே ஏற விடாது. எண் இறங்கினா அமிலம் கூடிடுச்சுன்னு அர்த்தம். நாம சாப்பிடறது, நடக்கறது, தூங்கறது, எல்லாத்துலயும் உள்ளே அமிலம் சேர்ந்துக்கிட்டே இருக்கும். அதைச் சமாளிக்க மூணு ஆள். ரத்தத்துலயே பைகார்பனேட் இருக்கு, நம்ம சமையல் சோடா வகைதான், அது அந்த நொடியே பாயும். அப்புறம் நுரையீரல், கரியமில வாயுவை ஊதி வெளியே தள்ளும், நிமிஷக் கணக்குல வேலை நடக்கும். மூணாவது சிறுநீரகம். அது சாவகாசமான ஆள், ரெண்டு மூணு நாள் எடுத்துக்கும், ஆனா செஞ்சா உருப்படியா செய்யும்."

இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவாள். அடுத்தது அவளுக்குப் பிடித்த இடம். "வேகமா மூச்சு விடறவங்க ரெண்டு வகை. ஒருத்தர் பயத்துல விடறார். தேவையில்லாம கரியமில வாயு வெளியே போயிடும், அமிலம் குறைஞ்சு விரல் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும். அவருக்கு மூச்சாலதான் தொல்லை. இன்னொருத்தருக்கு உள்ளே அமிலம் பொங்குது, அதை வெளியே தள்ள உடம்பு மூச்சு வாங்குது. அவர் அந்த மூச்சாலதான் பிழைச்சுக் கிடக்கார். வெளியிலேருந்து பார்த்தா ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருப்பாங்க. முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீங்க. ரத்தத்தைக் கேளுங்க." சொல்லிச் சொல்லி அவளுக்கு வாயே தேய்ந்திருக்கும். ஊருக்குத்தானே உபதேசம்.

இப்போது சின்னவளுக்கு வருவோம். பெரியவளின் கொழுந்தன் மனைவி, இருபத்தொன்பது வயசு, ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வந்தவள். மாடியில் அவர்கள், கீழே பெரியவளும் புருஷனும், மாமியார் கீழேயும் மேலேயுமாக. சின்னவள் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வழியாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். மெதுவாகப் பேசுவாள், அதிர்ந்து நடக்க மாட்டாள். அவளைப் பெரியவளுக்கு ஏன் பிடிக்காது என்று கேட்டால் யாராலும் காரணம் சொல்ல முடியாது, பெரியவளாலும்தான். சின்னவள் தலைவலி என்று சொன்னால் மாமியார் டீ போட்டு எடுத்துக்கொண்டு மாடி ஏறுவார். பெரியவள் காய்ச்சலோடு வேலைக்குப் போய்விட்டு வந்து சோபாவில் விழுந்தால், "நீ தாங்குவேடி" என்பார். பாராட்டுத்தான். ஆனாலும் ஒரு டீயைக் குடித்துக்கொண்டு தாங்கினால் ஆகாதா என்று பெரியவளுக்கு இருக்கும். அந்தக் கோபம் மாமியார்மேல் போகாமல் மாடிமேல் போனது.

போன வருஷம் ஒரு நாள், கடும் மழை. கொழுந்தன் வீடு திரும்ப மூன்று மணி நேரம் தாமதம், போனும் கிடைக்கவில்லை. சின்னவள் பயந்துபோய் வேக வேகமாக மூச்சு விட ஆரம்பித்தாள். விரல்கள் மடங்கிக்கொண்டன, உதடு மரத்துவிட்டது, "நான் செத்துடுவேன் அத்தை" என்று அழுதாள். பெரியவள் சமையலறையிலிருந்து ஒரு காகிதப் பையை எடுத்துக்கொண்டு போய், அவள் வாயையும் மூக்கையும் மூடினாற்போலப் பிடித்து, "இதுக்குள்ளேயே மூச்சு விடு" என்றாள். வெளியே போன கரியமில வாயு திரும்ப உள்ளே போனது. பத்து நிமிஷத்தில் விரல் நிமிர்ந்தது. இப்போதெல்லாம் டாக்டர்களே இந்தப் பை வைத்தியம் வேண்டாம் என்கிறார்கள், அது வேறு விஷயம். அன்றைக்கு அது வேலை செய்தது. மாமியார் கையெடுத்துக் கும்பிடாத குறை. 'வீட்டு டாக்டர்' பட்டம் அன்று வந்ததுதான்.

அதோடு விட்டிருந்தால் சரி. பெரியவளுக்கு நடித்துக் காட்டுகிற திறமை உண்டு. சின்னவள் கண்ணை உருட்டியது, கை விரல் கோழிக்கால் மாதிரி மடங்கியது, "செத்துடுவேன் அத்தை" என்று இழுத்தது, எல்லாவற்றையும் அச்சு அசலாகச் செய்வாள். சொந்தக்காரர் வீட்டில் செய்தாள், லேபில் செய்தாள், ஒருமுறை சின்னவள் எதிரிலேயே செய்தாள். சின்னவளும் சேர்ந்துதான் சிரித்தாள். பிறகு அவள் எதற்காவது முடியவில்லை என்று சொன்னால், "பை எடுத்துட்டு வரவா?" என்பது வீட்டில் வழக்கமாகிவிட்டது.

இந்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு மாமியார் மாடியிலிருந்து கூப்பிட்டார். "சின்னவளுக்கு மறுபடியும் மூச்சு வாங்குது, வந்து பாரேன்."

பெரியவளுக்கு ஒரு மணிக்கு டியூட்டி. தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பை வைத்துவிட்டு, போகிற வழியிலேயே பையை எடுத்துக்கொண்டாள். என்ன ஏது என்று பார்க்கும் முன்பே எடுத்துக்கொண்டாள் என்பதைக் கவனியுங்கள். பிறகு அவள் தன்னை மன்னிக்க முடியாமல் போனது இந்த இடத்தில்தான்.

சின்னவள் கட்டிலில் தலையணையில் சாய்ந்து கிடந்தாள். மாடிப்படி ஏறி ஓடி வந்தவள்போல ஆழமாக, வேகமாக மூச்சு. ராத்திரி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், வயிறு வலிக்கிறது என்கிறாள் என்று மாமியார் சொன்னார். ஆள் இளைத்துத்தான் இருந்தாள். "டயட்டா?" என்று பெரியவள் போன வாரம்தான் கேட்டிருந்தாள். பக்கத்தில் குனிந்தபோது நகப்பூச்சை அழிக்கிற திரவத்தின் வாடை அடித்தது.

"நகத்துக்குப் பூசி அழிக்க நேரம் இருக்கு, மூச்சு விட மட்டும் முடியலையா?" என்றாள் பெரியவள்.

அந்த அறையில் நகப்பூச்சே இல்லை. அந்த வாடை சின்னவளின் மூச்சில் இருந்தது. இன்சுலின் இல்லாமல் சர்க்கரையை எரிக்க முடியாத உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பித்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும், மூச்சில் இந்த வாடை வரும். பெரியவளுக்குத் தெரியாததா? பயிற்சிக்கு வருகிறவர்கள் பரீட்சையில் இதை எழுதாவிட்டால் மார்க் போடாதவள் அவள்.

பையை முகத்தில் வைத்தாள். சின்னவள் தலையைத் திருப்பினாள். "வேணாம்க்கா, முடியல." பெரியவள் பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டு பையை அழுத்தினாள். "அடக்கு. மெதுவா விடு. நான் எண்ணுறேன், என்கூடவே விடு. ஒண்ணு, ரெண்டு..." சின்னவள் கையைத் தூக்கிப் பையைத் தள்ளப் பார்த்தாள். பெரியவள் அந்தக் கையை எடுத்துப் போர்வைமேல் வைத்தாள். பத்து நிமிஷத்துக்குமேல் போனது. மெல்லக் கண் சொருகி, கை தளர்ந்து, சின்னவள் சும்மா கிடந்தாள்.

"பார்த்தீங்களா அத்தை, அடங்கிடுச்சு. கொஞ்ச நேரம் தூங்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் பெரியவள் டியூட்டிக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அன்றைக்கு நல்ல மனநிலையில்தான் இருந்தாள்.

நாலு மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து ஒரு சிரிஞ்சு வந்தது. எப்போதும்போல விளக்கில் தூக்கிப் பார்த்தாள், குமிழி இல்லை. சிரிஞ்சில் இருந்த எண்ணையும் சீட்டில் இருந்த எண்ணையும் ஒப்பிட்டாள், சரி. பெயரைப் படிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. பெயரைப் படித்தால் ஆள் ஞாபகம் வரும், ஆள் ஞாபகம் வந்தால் கை நடுங்கும் என்பது அவள் கொள்கை. காகிதம் வந்தது. ஏழு புள்ளி பூஜ்யம் எட்டு. நாற்பது இருக்க வேண்டிய கரியமில வாயு பதினாலு. இருபத்துநாலு இருக்க வேண்டிய பைகார்பனேட் நாலே நாலு. சர்க்கரை ஐந்நூற்றுக்கு மேல்.

உடனே போனை எடுத்தாள். எண் இந்த அளவுக்குக் கெட்டிருந்தால் ரிப்போர்ட் டைப் ஆகும் வரை காத்திருக்கக் கூடாது, வாயாலேயே சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கம் அவசரப் பிரிவு நர்ஸ். பெரியவள் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எழுதிக்கொள்ள வைத்து, திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு கேட்காமலே ஒரு வார்த்தை சேர்த்தாள்.

"மூச்சு வேகமா இருக்குமே? யாரும் அடக்கப் பார்க்காதீங்க. அதுதான் உயிரைப் பிடிச்சு வெச்சிருக்கு."

"அதை ஏன்க்கா கேக்கறீங்க," என்றாள் நர்ஸ். "காலையில வீட்ல யாரோ மூஞ்சியில பையை வெச்சு அமுக்கி இருக்காங்க. மாமியார் அம்மா சொல்றாங்க, அவங்க வீட்லயே ஒரு டாக்டர் இருக்காங்களாம். அவங்கதான் செஞ்சாங்களாம். எந்த டாக்டர்க்கா இப்படிச் செய்வாங்க? கொஞ்சம் விட்டிருந்தா ஆள் போயிருக்கும். பாவம், அவங்ககிட்ட நாங்க ஒண்ணும் சொல்லல."

பெரியவள் சீட்டைத் திருப்பிப் பெயரைப் படித்தாள்.

போனில் நர்ஸ் "அக்கா, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இருக்கேன்," என்றாள் பெரியவள். "அந்த டாக்டர் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று நர்ஸ் விளையாட்டாகத்தான் கேட்டாள். "தெரியாது," என்றாள் பெரியவள். கூசாமல் சொன்னாள் என்று எழுத ஆசைதான், ஆனால் கூசித்தான் சொன்னாள். கூசியும் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அமிலம் பொங்கி, ரத்தத்தில் இருந்த காரமெல்லாம் செலவாகி, சிறுநீரகம் கை விரித்துவிட்ட நிலையில், அந்தப் பெண்ணிடம் மிச்சமிருந்தது மூச்சு ஒன்றுதான். ஊதி ஊதி வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தப் பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்ப உள்ளே தள்ளியது தன் கை. அடங்கிவிட்டது என்று நினைத்தது அடங்கியது இல்லை, மயக்கம்.

அன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சின்னவளின் ரத்தம் வந்தது. ஏழு புள்ளி ஒண்ணு ரெண்டு. ஏழு புள்ளி ஒண்ணு ஒன்பது. இன்சுலின் ஏறுகிறது, உப்புநீர் ஏறுகிறது, அமிலம் இறங்குகிறது. டியூட்டி முடிந்தும் பெரியவள் எழுந்திருக்கவில்லை, அடுத்த ஆளிடம் "இந்த ஒரு பேஷண்டை நான் பார்க்கறேன்" என்றாள். பத்தடி தூரத்தில் அவசரப் பிரிவின் கதவு. வெளியே பெஞ்சில் மாமியாரும் கொழுந்தனும் உட்கார்ந்திருந்தது அறைக் கதவின் கண்ணாடி வழியே தெரிந்தது. போய்ப் பக்கத்தில் உட்காரக் கால் வரவில்லை. சின்னவளின் ரத்தத்தைப் பார்க்கிற தைரியம் இருந்தது, முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை. மறுநாள் காலையில் ஏழு புள்ளி மூணு ஆறு வந்தது. அந்தக் காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு பாத்ரூமில் போய் அழுதாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வீட்டில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். பெரியவளுக்கு அதற்கு மேல்தான் தண்டனை ஆரம்பித்தது. கொழுந்தன் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணி, நீங்க போன் பண்ணிச் சொன்னதாலதான் உடனே மருந்து ஏத்தினாங்களாம். நர்ஸ் சொன்னாங்க. காலையில நீங்க முதலுதவி செஞ்சதும் நல்லதாப் போச்சு, இல்லாட்டி நான் வர்ற வரைக்கும் தாங்கியிருக்க மாட்டா." வளர்ந்த ஆள், கண் கலங்கி நிற்கிறான். பெரியவள் "சரி, விடு" என்றாள். அந்த 'சரி'யை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மாமியார் பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் எங்க பெரியவ இல்லாட்டி என்ன ஆகியிருக்கும் என்று ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் பெரியவள் டம்ளர் கழுவ எழுந்து போனாள். அந்த மூன்று நாளில் கழுவின டம்ளரையே எத்தனை தடவை கழுவினாளோ.

புருஷனிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவன் மோவாயைத் தடவிக்கொண்டே, "நீ வேணும்னேவா செஞ்சே? விடு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். அதைக் கேட்டதும் தன் வயிற்றுக்குள் ஒரு நிம்மதி இறங்கியதைப் பெரியவள் கவனித்தாள். அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் அவளுக்கு ரொம்ப அவமானமாகிவிட்டது. வெளியே சொல்வது என்று அப்போது முடிவு செய்தாள்.

நாலாவது நாள் சாயங்காலம், பார்வையாளர் நேரம். சின்னவள் வார்டில் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது, ஆனால் மூச்சு மூச்சாக இருந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் மாமியார், கால்மாட்டில் கொழுந்தன். பெரியவள் இந்தப் பக்கம் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு நான் செஞ்சது முதலுதவி இல்ல. உன் உடம்பு அமிலத்தை மூச்சு வழியா வெளியே தள்ளிக்கிட்டிருந்தது. நான் அதைத் தடுத்தேன். எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது, இருபத்தொரு வருஷமா இதுதான் என் வேலை. நீ நடிக்கறேன்னு நெனச்சேன். கீழேருந்து வரும்போதே பையை எடுத்துட்டுத்தான் வந்தேன்." "நர்ஸ் கேட்டப்போகூட, யாருன்னு தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

கொழுந்தன் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டான். மாமியார்தான் பதறிப்போய், "அட விடும்மா, நீ நல்லதுக்குத்தானே செஞ்சே. யானைக்கும் அடி சறுக்கும்," என்றார்.

"எனக்குத்தான் சரியா மூச்சு விடத் தெரியலைன்னு நெனச்சேன் அத்தை," என்றாள் சின்னவள். குரல் எப்போதும்போல மெதுவாகவே இருந்தது. "அக்காவுக்கு எல்லாம் தெரியும். அவங்க அடக்குன்னு சொல்றாங்க, எனக்கு அடக்க வரலை. கண்ணை இருட்டிக்கிட்டு வந்தப்போகூட, நாமதான் தப்பு பண்றோம்போலன்னு நெனச்சுக்கிட்டே போனேன்."

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மூணு வாரமா ஒரே தாகம்க்கா," என்று சின்னவள் இப்போது அவளைப் பார்த்துச் சொன்னாள். "தண்ணி குடிச்சுக் குடிச்சு, நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்ரூம். ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லலாம்னு போன வாரம் செவ்வாய்க்கிழமை உங்க லேபுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே நீங்க என்னை மாதிரி செஞ்சு காட்டிக்கிட்டு இருந்தீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் திரும்பி வந்துட்டேன்."

செவ்வாய்க்கிழமை பெரியவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் கேட்டார்கள், செய்து காட்டினாள். அதில் ஒருத்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையைப் பற்றிச் சொல்லலாம், அவசரம், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது? 'மன்னிச்சுடு' என்று வாய்வரை வந்ததைக்கூட அவள் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண் "பரவால்லக்கா" என்று சொல்லியாக வேண்டும். அதையும் அவளையே செய்ய வைப்பதா?

பக்கத்துக் கட்டிலில் யாரோ பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டாள். தண்ணீர் ஜாடி பெரியவளின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. சின்னவள் அதைப் பார்த்தாள், பெரியவளைப் பார்த்தாள், பிறகு அந்தப் பக்கம் திரும்பினாள்.

"தாகமா இருக்கு அத்தை. தண்ணி குடிக்கலாமான்னு நர்ஸைக் கூப்பிட்டுக் கேளுங்களேன்."

தாராளமாகக் குடிக்கலாம் என்பது பெரியவளுக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. மாமியார் எழுந்து நர்ஸைத் தேடிக்கொண்டு போனார்.